நீ எழுதாமல் விட்ட ஒரு மொழி

பழைய காகிதங்களைக் கழிக்கச் சொன்னார்கள் என்று போன வாரம் எங்கள் மருத்துவமனை அலமாரியின் அடித்தட்டை இழுத்தேன். துருப்பிடித்த குண்டூசியும் ஈரமேறிய காகிதமும் கலந்த வாடை. நாம் இரண்டு பேரும் வரவேற்பு மேசை வேலைக்கு மனுப் போட்ட வருஷத்துக் கட்டு அது. என் ரெஸ்யூமுக்கு அடியிலேயே உன்னுடையது இருந்தது. நீ காய்ச்சலில் இறந்துபோய் ஒரு வருஷம் ஆகிறது. உன் போட்டோவைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் படித்தேன்.

தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம். அவ்வளவுதான்.

வீட்டில் அப்பாவை நைனா என்று கூப்பிட்டு, தங்கையோடு தெலுங்கிலேயே சண்டை போட்டு வளர்ந்தவள் நீ. ஏன் எழுதவில்லை?

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் என் ரெஸ்யூமை அடித்துக் கொடுத்தது நீதான். நான் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அப்பா பெயர், உயரம், பாட்டுக் கேட்பது பிடிக்கும் என்றெல்லாம். எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்துவிட்டு, வீட்டில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டாய். அம்மையார்குப்பத்தில் எங்கள் தறிப் புடவைகளுக்கு ஆந்திராவில் இருக்கிற நகரிக் கடைக்காரர்களிடம் போனில் ஆர்டர் கேட்பது நான்தான், அதையெல்லாம் யாராவது எழுதுவார்களா என்றேன்.

"மூணு வருஷமா தெலுங்குல பேசி வியாபாரம் பண்ணிகினு கீற. அது வேலை இல்லாம இன்னாடி?" என்றாய்.

அதை முதல் வரியாக வைத்தாய். ஒரே பக்கம். படிக்கிறவர்களுக்கு என்னை எதற்கு எடுக்க வேண்டும் என்று முதலில் தெரியட்டும், மற்றது பிறகு என்றாய். உன்னுடையதை அதற்கு முன்பே அடித்து வைத்திருந்தாயா, பிறகு அடித்தாயா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

நேர்காணலில் டாக்டரம்மா என்னிடம் பாதிக்கு மேல் தெலுங்கில்தான் கேட்டார். நோயாளிகளில் பாதிப்பேர் நகரி, புத்தூர்ப் பக்கம் ஆயிற்றே. வெளியே வந்ததும் நீ, தெலுங்கில் கேட்டார்களா என்றாய். ஆங் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனாய். திரும்பி வந்து, உன்னிடம் கணக்கு மட்டும்தான் கேட்டதாகச் சொன்னாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வேலை எனக்குக் கிடைத்தது. உனக்கு இரண்டு வருஷம் கழித்துச் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் கிடைத்தது. விடியற்காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு வருவாய். நான் பத்து நிமிஷம் நடந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.பேட்டைக்குப் போய் உன் தங்கையிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். காலேஜில் உன் தமிழை யாரோ கேலி செய்தார்களாம். அதிலிருந்து தெலுங்குக்காரி என்று காட்டிக்கொள்ளவே உனக்குப் பிடிக்காதாம். "அக்கா அத எங்கியும் எழுத மாட்டா" என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் மனசு லேசாக இருந்தது. அப்படியென்றால் எனக்காக நீ எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உன் தங்கை என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கம்பெனி வேலைக்கு நீ கொடுத்த ரெஸ்யூம். தமிழ், தெலுங்கு, ஆங்கிலம். அவளுக்கே ஆச்சரியமாக இருக்கிறதாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு வேலை கிடைத்ததைப் பார்த்துத்தான் அந்தக் கூச்சம் உனக்குப் போனதா? இல்லை, முதல் தடவை எனக்காக வேண்டுமென்றே விட்டாயா? வெறுமனே மறந்துபோனாயோ என்றும் நினைக்கிறேன். ஆனால் என் ரெஸ்யூமில் ஒரு கமாவைக்கூட விடாதவள் நீ. நன்றி சொல்வதா, கோபப்படுவதா? நீ எழுதவில்லை என்று அன்றே தெரிந்திருந்தால் உள்ளே போய், இவளுக்கும் தெலுங்கு தெரியும் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் குழப்புகிறது.

நேற்று வரவேற்பு மேசைக்கு ஆள் எடுத்தோம். இப்போது தேர்வு செய்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மணவூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். படிப்பைத் தவிர ரெஸ்யூமில் எதுவும் இல்லை. வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடித்துவிட்டு, அனுப்ப மனசில்லாமல் கேட்டேன்.

"இந்தப் பேப்பர்ல எழுதாம வுட்டது எதுனா இருக்குதாம்மா?"

பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை நாலு வருஷம் பார்த்துக்கொண்டதாகவும், சர்க்கரைக்கு ஊசி போடுவதும் மாத்திரை வேளையைக் குறித்து வைப்பதும் தான்தான் என்றும் மெதுவாகச் சொன்னாள். அதையெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை என்றாள்.

பேனாவை எடுத்து அதை அவள் ரெஸ்யூமின் உச்சியில் நானே எழுதினேன். உன்னிடம் இந்த ஒரு கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. இனி என் மேசைக்கு எதிரே உட்காருகிற ஒவ்வொருவரிடமும் கேட்பேன்.