கிழவர் விடும் ஒரு மூச்சு

14 செப்டம்பர் 2025
இன்றும் சட்டையை வாசலிலேயே உதறச் சொன்னாள் ஞானம்மா. உருக்காலைத் தூசி. மகள் ஜெபா லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமல், "விடும்மா. நைனாவும் என் நட்சத்திரமும் ஒண்ணு. வயசாவ வயசாவ தூசி கக்கிக்கினே கீறாங்க" என்றாள். கட்டின பெண்டாட்டி அதற்குச் சிரித்தாள் பாருங்கள்.

காட்டுப்பள்ளித் துறைமுக ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போன மகளுக்கு நான் கொடுத்த கெடு ஒரு வருஷம். ஜனவரிக்குள் பெரிய ரேடியோ தொலைநோக்கியில் அவள் நட்சத்திரத்தைப் பார்க்க நேரம் கிடைக்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும். கெடு சொன்ன அன்று எனக்கு நீதிபதி நினைப்பு. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்த நீதிபதி.

1 அக்டோபர்
ஆயுத பூஜை. உலைக்குச் சந்தனம் வைத்து அணைத்துவிட்டோம். சிப்காட் முழுக்கப் புகை இல்லை. இருட்டியதும் ஜெபா மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள்.

"அந்த ரெண்டு நட்சத்திரத்துக்கும் நடுவுல பாரு நைனா."

"ஒண்ணும் இல்லியே."

"அதான் என்னுது."

தான் கக்கின தூசியிலேயே மூடிக்கொண்ட கிழ நட்சத்திரமாம். வெளிச்சம் வெளியே வராது, ரேடியோ அலை வரும். உப்பி, சுருங்கி, ஒரு மூச்சு விட ஒன்றரை வருஷம் ஆகுமாம்.

அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நெஞ்சும் மெதுவாக ஏறி இறங்குவதுபோல — யாரோ மிகத் தூரத்தில் எனக்கும் சேர்த்து மூச்சு விடுவதுபோல இருந்தது. கீழே பார்த்தால் பூஜைப் பொரிப் பொட்டலம் காலி. தின்றது நான்தான்.

3 அக்டோபர்
புகை வந்துவிட்டது. அந்த இடம் தெரியவில்லை. தெரிந்தால் மட்டும் என்ன தெரிந்திருக்கும்?

21 டிசம்பர்
கோயிலில் முட்டி போட்டு, அவளுக்கு நேரம் கிடைக்கட்டும் என்று வேண்டினேன். கெடு வைத்தவனே தோற்க வேண்டுகிறான். கர்த்தர் குழம்பியிருப்பார்.

8 ஜனவரி 2026
"கிடைக்கல நைனா. அடுத்த தபா ஜூலைலதான் கேக்க முடியும்."

துறைமுக ஆபீசில் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்களாம். நீலச் சுடிதாருக்கு இஸ்திரி போட்டாள். ஞானம்மா என்னையே பார்த்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

11 ஜனவரி, ஞாயிறு
பூசை முடிந்து வரும் வழியில் கேட்டுவிட்டேன். "உன் கிழவர் மூச்ச விட்டு முடிச்சாரா?"

"இல்ல. இப்பதான் உள்ள இழுக்கறாரு. ஏன்?"

"அப்ப கெடு முடியல. நான் சொன்ன வருஷம் அவுரு கணக்குல."

"கணக்குல ஃபெயிலான ஆளுதானே," என்றாள் ஞானம்மா. ஜெபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரைக்கும் விடவில்லை.

12 ஜனவரி
சாயந்திரம் வாசலில் சட்டையை உதறிவிட்டு எட்டிப் பார்த்தேன். ஆபீசுக்குப் போகாமல், இஸ்திரி கலையாத நீலச் சுடிதாரில், தரையில் உட்கார்ந்து, ஜூலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.