லேண்ட்மாஸ்டரை நான்தான் வெட்டச் சொன்னேன்

என் உயிரான வீட்டுக்காரருக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது நான் சத்தம் போட்டால் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவீர்கள். இப்போது எங்கே போவீர்கள்? கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் ஊர்ச் சேதி. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். உங்களை மேஸ்திரியாக்கி, உங்கள் நெஞ்சில் தூசியை ஏற்றி அனுப்பிய அதே தங்கச் சுரங்கத்தைத்தான். ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதில்லை. ஆனாலும் ஆண்கள் பழைய நேரத்துக்கு எழுந்து, காபி குடித்துவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறார்கள். உங்கள் தம்பி தேவராஜும் அப்படித்தான் நின்றான். பிறகு என்னிடம் வந்து கார் சாவியைக் கேட்டான். ரயிலைத் தவறவிட்டவர்களைப் பங்காருபேட்டை ஜங்ஷனுக்கு ஏற்றிப்போனால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும் என்றான். வேண்டாம் என்றேன்.

“அண்ணன் இருந்தா இல்லன்னு சொல்லுவாரா அண்ணி?” என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்குச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீங்கள்தான் யாருக்கும் இல்லை என்று சொன்னதே இல்லையே. ஊரைவிட்டுப் போன அதிகாரியிடம் ஆசைப்பட்டு வாங்கிய பழைய லேண்ட்மாஸ்டர் கார். அது நம் வீட்டு வாசலில் நின்ற நேரத்தைவிட அடுத்தவர் வாசலில் நின்ற நேரம்தான் அதிகம். கல்யாணமா, மேஸ்திரி வண்டி. பிரசவமா, மேஸ்திரி வண்டி. பிணம் கொண்டுவரவும் அதுதான். பிரேக்கைக் கழற்றி மாற்றக்கூட அதற்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தீர்களா? “முதல் மிதிக்கு ஏமாத்தும், ரெண்டாவது மிதிக்குப் பிடிச்சிக்கும்” என்று தேவராஜிடம் சிரித்துச் சொன்னீர்கள். செல்லமாக வளர்த்த மாட்டின் குறும்பைச் சொல்வதுபோல. நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

கோரமண்டல் ரயில்வே ஸ்டேஷன் திருப்பத்தில் கீரைக்காரி நாகம்மா கூடையோடு ரோட்டைக் கடந்தாள். முதல் மிதி ஏமாற்றியது. இரண்டாவது மிதிக்கு நேரம் இல்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். தொடை எலும்பும் இடுப்பும் உடைந்துபோயின. போலீஸ் தேவராஜைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்தது. ஓனர் யார் என்று கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொன்னேன். கூப்பிடுங்கள் என்றார் ஏட்டையா. கூப்பிட்டால் வருகிற இடத்திலா இருக்கிறீர்கள்? நீங்கள் சுடுகாட்டில் இருப்பதை அந்த ஆளிடம் என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. நீங்கள் இருக்கும்போதே இன்ஷூரன்ஸ் காலாவதியாகிவிட்டது என்பதையும் போலீஸ் ஸ்டேஷனில் நின்றுகொண்டுதான் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாகம்மா என்னைத் திட்டுவாள், திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை.

“உங்க வூட்டுக்காரருதான் என் பொண்ணை இந்த வண்டியில பிரசவத்துக்கு இட்டுனு போனாரு அக்கா. அந்த மனுசன் மொகத்துக்காக நான் ஒண்ணும் பேச மாட்டேன்” என்றாள்.

கேட்டீர்களா? உங்கள் நல்ல பேர், கால் உடைந்தவளின் வாயையும் கட்டிவிட்டது. வலித்தாலும் கத்த உரிமை இல்லாமல் படுத்திருந்தாள். அன்றைக்குத்தான் தீர்மானித்தேன், இந்த வண்டி இனி ரோட்டில் ஓடக்கூடாது என்று. பூட்டி வைத்தால் போதாது. நாளைக்கே யாராவது அவசரம் என்று வந்து நிற்பார்கள், உங்கள் பெயரைச் சொல்வார்கள், சாவி கைமாறும். சட்டப்படியே அதன் கதையை முடிக்க வேண்டும்.

போலீஸ் வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும், பிரேக்கை மாற்றி ஓட்டலாமே என்றார்கள் தெருக்காரர்கள். மெக்கானிக்கைக் கூட்டிவந்து அடியில் காட்டினேன். அடிச்சட்டம் துருவேறி, ஸ்க்ரூடிரைவரால் குத்தினாலே பொத்துக்கொண்டது. இதன்மேல் உட்காரவைத்துத்தான் கர்ப்பிணிகளை ஓட்டிப்போனீர்கள்! அப்படியும் மனசில்லாமல், மேஸ்திரி ஞாபகத்துக்கு இருக்கட்டுமே என்றார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒரு புரோக்கர், காரை என்னவோ செய்துகொள்ளுங்கள், ஆர்.சி. புத்தகத்தை மட்டும் கொடுங்கள் என்றான். எங்கோ திருடிய வண்டி உங்கள் பெயரில் ஓடுமாம். அவனை நான் திட்டிய திட்டில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

உள்ளே இருந்த அதிகாரி நல்லவர். இறந்தவர் பெயரில் உள்ள வண்டியின் பதிவை ரத்து செய்ய முடியாது, முதலில் வாரிசான என் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார். அலைந்து மாற்றினேன். பாருங்கள், நீங்கள் இருந்தவரை முன்சீட்டில் உட்கார இடம் கிடைக்காதவள், நீங்கள் போன பிறகு ஓனர் ஆனேன். அப்புறம் பரிசோதகர் வந்து வண்டியைக் கிளப்பச் சொன்னார். பாழாய்ப்போன எஞ்சின் ஒரே முறுக்கில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

“ஓடற வண்டிய ஓடாதுன்னு நான் எழுத முடியாதும்மா. இனிமே ஓடவே முடியாதுன்னு ஆக்கிக் காட்டுங்க” என்றார்.

ஜாமீனில் வந்திருந்த தேவராஜைக் கூப்பிட்டேன். சுரங்க ஒர்க்ஷாப்பில் கேஸ் நெருப்பால் இரும்பு வெட்டியவன்தானே. வேறு ஆளை வைத்துச் செய்துகொள்ளலாம், என்னால் முடியாது அண்ணி என்று சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

“நீதான் ஓட்டுன. நீதான் வெட்டணும்.”

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெருப்பைப் பற்றவைத்தான். எஞ்சினை இறக்கி உடைத்தான். அடிச்சட்டத்தைக் குறுக்கே வெட்டினான். கடைசியில் சேஸிஸ் நம்பர் இருந்த தகட்டை அறுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்து அண்ணா, அண்ணா என்று அழுதான். தெருவே பார்த்தது. நான் தேற்றவில்லை. எனக்கும் அழுகை வந்தது, உங்கள்மேல் இருந்த ஆத்திரத்தில் அடங்கிவிட்டது.

தகட்டையும் ஆர்.சி.யையும் கொடுத்தேன். பதிவு ரத்து என்று முத்திரை குத்தித் தந்தார்கள். இரும்புக்குப் போன காசு நாகம்மாவின் வைத்தியத்துக்குப் போனது. பின்சீட்டை மட்டும் நான் விற்கவில்லை. அவளால் இனி தரையில் குந்த முடியாதாம். தேவராஜ் அதற்கு இரும்புக் கால் வைத்து அவள் வீட்டு வாசலில் போட்டான். அதில் உட்கார்ந்துதான் கீரை விற்கிறாள். விடிந்ததும் அவளுக்கு மார்க்கெட்டிலிருந்து கீரைக்கட்டு சுமந்துவருவது இப்போது அவன் வேலை. நான் சொல்லவில்லை, அவனாகப் போகிறான். போன வாரம் கட்டு வாடியிருந்தது என்று நாகம்மா அவனைக் கன்னாபின்னாவென்று திட்டினாளாம். கேட்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

ஊருக்கே நல்லவராக இருந்தீர்களே, ஒரே ஒரு தடவை இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? யாருக்குப் பயந்தீர்கள்?

உங்கள் நினைவு நாள் வருகிறது. இந்த வருஷம் உங்கள் சமாதிக்கு மாலையோடு வரமாட்டேன். நாகம்மா கோல் ஊன்றியாவது நடப்பாள் என்கிறார் டாக்டர். அவள் நடக்கிற அன்றைக்கு, அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவேன். இது சத்தியம். உங்கள் முகத்துக்காக அடக்கிவைத்ததையெல்லாம் அவள் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லட்டும். அவள் பேசி முடித்த பிறகு நான் மாலை போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்களை இன்னும் திட்டித் தீராத
உங்கள் பொண்டாட்டி கஸ்தூரி