பாரிசுக்குப் போகும் மிளகாய்த்தூள்

நெல்லியடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கஜீவன் அண்ணைக்கு,

உங்கள் தங்கை தாரிகா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுத மனம் வரவில்லை. நீங்கள் நலமா என்றும் கேட்கப்போவதில்லை. போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறார். அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். ஆஸ்பத்திரியில் போன் கைக்குக் கிடைக்கும்போது தனியாக வாசியுங்கள்.

நீங்கள் அனுப்பிய கால் படத்தை அம்மா பார்க்க மறுத்துவிட்டார். அப்பா பெரிதாக்கிப் பார்த்தார். எங்கள் சண்டைக் காலத்திலிருந்து தன் தோளில் கிடக்கும் ஷெல் துண்டைத் தடவிக்கொண்டு, “துண்டை எடுக்க ஏலாட்டி விடட்டும். சீழ் கட்டாமல் பாக்கச் சொல்லு” என்றார். பிறகு வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறப் போனவர், ஒரே பாத்திக்குள் விட்டபடியே நின்றார். வரம்பு உடைந்து ஓடியதும் தெரியவில்லை.

இந்த முறையும் நாங்கள் வெங்காயம் கிளப்பும் நேரம் பார்த்துக் கப்பலில் வெங்காயம் இறக்கிவிட்டார்கள். சந்தையில் வியாபாரிகள் எங்கள் மூட்டையைக் காலால் தட்டிவிட்டுப் போகிறார்கள். இதே கோபத்தில்தானே நீங்களும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் புறப்பட்டீர்கள். பிரான்ஸ் என்று ஏற்றியவன் ரஷ்யாவில் இறக்கி, வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வாங்கிப் பட்டாளத்துக்குக் கொடுத்தான். முதல்முறை விலாவில் காயம். தையல் பிரிக்கும் முன்பே மறுபடி சண்டைக்கு அனுப்பினார்கள். இப்போது கால். உங்களைச் சுட்டவனுக்காவது தன் நிலம் என்று ஒரு காரணம் இருந்திருக்கும். உங்களுக்கு என்ன இருந்தது?

ஊருக்கு நீங்கள் இன்னும் பாரிசில்தான். அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். “பட்டாளத்திலை நிக்கிறான் எண்டால் ஊர் என்ன கதைக்கும்? உன்னை ஆர் கேட்டு வருவினம்?” என்கிறார். கோயிலில் வெளிநாட்டுப் பிள்ளைக்கு என்று அர்ச்சனை. நல்லகாலம், ஐயர் பெயரும் நட்சத்திரமும்தான் கேட்கிறார், நாடு கேட்பதில்லை. போன கிழமைத் திருவிழா உபயம் யார் தெரியுமா? உங்களை ஏற்றிய அதே ஏஜென்சிக்காரன். ஒலிபெருக்கியில் புகழ்ந்து, காளாஞ்சி கொடுத்து மரியாதை செய்தார்கள். அம்மா அதே கூட்டத்தில் கைகூப்பி நின்றார்.

இனித்தான் விஷயம். பக்கத்து வளவுச் சிவதர்ஷன் வெள்ளிக்கிழமை புறப்படுகிறான். அதே ஏஜென்சி, அதே வழி. கஜீவன் அண்ணை போய்ச் சேர்ந்துவிட்டார்தானே என்ற நம்பிக்கை அவனுக்கு. வெளிநாடு போகிறவரிடம் தங்கள் பிள்ளைக்கு ஒரு பார்சல் கொடுத்துவிடாத வீடு இங்கே ஏது? நாங்கள் கொடுக்காவிட்டால் சந்தேகம் வருமென்று அம்மா செத்தல் மிளகாய் வறுத்து, இடித்து, பைமேல் பை போட்டுக் கட்டினார். “கஜீவன், பாரிஸ்” என்று எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. தானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மிளகாய் வறுக்கும்போது தும்மலும் கண்ணீருமாக நின்றதால், எதற்கு அழுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்றே சிவதர்ஷன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரித்தான். “உங்கடை அண்ணை மட்டும் பாரிசிலை இருக்கலாம், நாங்கள் போனால் சண்டைக்கோ?” அவனுடைய தாய் றஜனி மாமி உள்ளேயிருந்து பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்தார். “கொம்மா தூள் இடிச்சுத் தந்துவிடுறா, நீ சண்டை எண்டுறாய். நான் ஆரை நம்புறது? எரிச்சலடி உனக்கு” என்றார். கால் படத்தைக் காட்டினேன். “உது நெட்டிலை எடுத்தது. முகம் எங்கை?” என்றான் அவன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “இன்னொரு பிள்ளையையும் நீங்கள்தான் அனுப்புறியள்” என்று கத்தினேன். அம்மா நிமிரவில்லை. “அவனுக்குக் குரு நல்ல இடத்திலை நிக்குதாம்” என்றார்.

அதனால் கேட்கிறேன் அண்ணை. வியாழனுக்கு முன் நீங்களே அவனுக்கு வீடியோ கோல் எடுங்கள். அவனுடைய இலக்கத்தைத் தனியாக அனுப்புகிறேன். எங்களோடு கதைக்கும்போது செய்வதுபோல் சிரித்துக்கொண்டு வெள்ளைச் சுவரை மட்டும் காட்டாதீர்கள். வார்டில் கிடக்கிறவர்களைக் காட்டுங்கள். போர்வையை விலக்குங்கள். றஜனி மாமியையும் பக்கத்தில் இருத்தச் சொல்லுங்கள். என் கலியாணத்தை யோசிக்க வேண்டாம். உண்மை தெரிந்து வராதவன் வராமலே போகட்டும்.

இன்னொன்று. நீங்கள் கெதியாக எழும்பி நடக்க வேண்டுமென்று அம்மா விரதம் பிடிக்கிறார். உங்கள் வார்டில் நடக்கத் தொடங்கியவர்களைத் திரும்பவும் முன்னரங்குக்கு ஏற்றிவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னதை நான் அவருக்குச் சொல்லவில்லை. டாக்டர் காலை ஊன்றச் சொன்னால், நோகிறது என்று சொல்லுங்கள். அம்மா கேட்பது பலிக்க வேண்டாம். எங்கள் கோயில் அம்மாளாச்சி உங்கள் காயத்தை மெல்ல, மிக மெல்ல ஆற்றட்டும்.

அன்புத் தங்கை,
தாரிகா