சிவப்புப் பொத்தான்

13 ஓகஸ்ட், செவ்வாய்

இந்த நேரத்தில் உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், நாட்குறிப்புக் கொப்பியே. ஆரணி இப்போதுதான் கண் அயர்ந்தாள். எட்டு மாதப் பிள்ளைக்கு வேறு விளையாட்டுச் சாமான் பிடிக்காதாம், அப்பா சயந்தனின் ரேஸ் கார் ஸ்ரியறிங் வளையம்தான் வேண்டுமாம்.

காரின் ஒடுங்கிய இருக்கையிலிருந்து இறங்க அதைக் கழற்றத்தான் வேண்டும். யாரும் காரை எடுத்துவிடக்கூடாது என்று சயந்தன் அதை வீட்டுக்கே கொண்டு வருகிறார். அதில் ஒரு சிவப்புப் பொத்தான். அமத்தினால் எஞ்சின் நிற்கும். கழற்றும் சாமானுக்கு வயர் எங்கே என்று கேட்டேன். திருப்பிக் காட்டினார். பின்பக்கம் சின்னச் சின்னப் பித்தளைக் குச்சிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஸ்பிரிங். காரின் தண்டில் அவற்றுக்கு நேரே தட்டையான தகடுகள். பூட்டியதும் குச்சி தகட்டை அழுத்தும். தண்டு திரும்பும்போது அறுந்துவிடாமல், அங்கிருந்து பழைய ரெலிபோன் வயர் மாதிரி ஒரு சுருள்.

"ரெண்டும் தொட்டுக்கொண்டு நிண்டாச் சரி. அவ்வளவுதான் விசயம்."

அவ்வளவுதானா? ஞாயிற்றுக்கிழமை தெற்கில் போட்டி. ஸ்ரியறிங்கைச் சாமியறையில் வைத்து, முன்னும் பின்னும் சந்தனம் பூசிக் கும்பிட்டேன்.

"காருக்கில்லாத பூசை இதுக்கோ!" என்று சிரித்தார்.

15 ஓகஸ்ட், வியாழன்

நெல்லியடிக் கராஜுக்குப் பின்னால் வெறுங்காணியில் ஓடிப் பார்த்தார்களாம். சிவப்பை அமத்தினாராம் — எஞ்சின் நிற்கவில்லை. இன்னொரு தரம் நின்றது. பிறகு திரும்பவும் இல்லை. இவரோடு சேர்ந்து காரைச் செய்த பிறேம் வயர் முழுக்க மீற்றர் பிடித்துப் பார்த்தானாம். பிழையே இல்லையாம்.

"வெளியிலை இன்னொரு சுவிச் இருக்குதப்பா. நீர் சும்மா பயப்பிடாதையும்," என்றார் சயந்தன்.

"கார் பிரண்டு கிடந்தா ஆர் வந்து அதை அமத்திறது? உதைச் சரியாக்காமல் நீங்கள் ஓடக்கூடாது."

சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போனார்.

16 ஓகஸ்ட், வெள்ளி

லொறியில் காரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "அங்கை போய்ப் பாப்பம்" — இதுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

17 ஓகஸ்ட், சனி

ஆரணிக்குப் பொட்டு வைத்துவிட்டுக் கை கழுவ மறந்துபோனேன். விரலில் சந்தனம் ஓடு மாதிரிக் காய்ந்து —

கடவுளே. பின்பக்கம்! அந்தக் குச்சிகளுக்கு மேலேதானே பூசினனான். பௌதிகம் படிச்சுப் பட்டம் வாங்கின ஆள் நான்! நடுவிலை சந்தனம் கிடந்தா ரெண்டும் எப்பிடித் தொடும்? வயரிலை மீற்றர் பிடிச்சா அது எப்பிடித் தெரியும்?

அழைத்தேன், எடுக்கவில்லை. வட்சப்பில் எழுதினேன். பின்னேரம்தான் பதில் வந்தது:

"உம்மடை சந்தனம்தான். ஸ்பிரிங்கும் இறுகிப்போச்சு. ஸ்பிரிட்டாலை துடைச்சாச்சு. இப்ப அமத்திற நேரமெல்லாம் நிக்குது. பிறேம் சிரிச்சுச் சாகிறான்."

சிரிக்கட்டும்.

18 ஓகஸ்ட், ஞாயிறு

போட்டி முடிந்திருக்கும் என்று அவருக்கு அழைத்தேன், பிறேம்தான் எடுத்தான்.

"அக்கா, பதறாதையுங்கோ. வளைவிலை கார் பக்கவாட்டிலை சரிஞ்சிட்டுது. பெற்றோலும் ஊத்தினது. அண்ணை உடனை சிவப்பை அமத்திப்போட்டார், எஞ்சின் நிண்டிட்டுது. பிறகு ஸ்ரியறிங்கைக் கழட்டி எறிஞ்சுபோட்டு இறங்கி வந்தவர். ஒரு கீறலும் இல்லை, சத்தியமா. டொக்டர் சும்மா பாக்கிறார்."

ஓம், ஓம் என்று மட்டும் சொன்னேன். பிறகு அவருக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"இனிப் பொட்டு முன்பக்கம் மட்டும்தான். பிள்ளை ஸ்ரியறிங்கைத் தேடித் தேடி அழுறாள். டொக்டர் விட்ட உடனை பதில் போடுங்கோ."