சிங்காரிக்கு எடுத்த இரண்டு எக்ஸ்ரே

மார்ச் 4, திங்கள்

எங்கள் அல்சேஷன் நாய்ச் சங்கத்தில் புதுச் சட்டம். இனிமேல் பெட்டை நாய்க்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்து, மூட்டு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால்தான் இணை சேர்க்கலாமாம். இல்லையென்றால் குட்டிகளுக்குச் சங்கத்தின் பத்திரம் கிடையாது. கொண்டுவந்தவர் செயலாளர் யோகநாதன். அதுவும் என் சிங்காரி ஹீட்டுக்கு வந்து இணைக்குத் தயாராக இருக்கும் நேரத்தில். தற்செயலா?

கிள்ளானில் அல்சேஷன் என்றால் என் வீட்டு நாய்தான் என்று இருந்த காலம் உண்டு. அந்த வம்சத்தில் மிஞ்சிய ஒரே பெட்டை இது. இரண்டு முறை சேர்த்தும் கரு தங்கவில்லை. வயது ஏறுகிறது. இந்த முறை விட்டால் வம்சம் போயிற்று. யோகநாதனுக்கு இதெல்லாம் தெரியும்.

மார்ச் 6, புதன்

பிரிக்பீல்ட்ஸில் சங்கம் சொன்ன டாக்டரிடம் போனேன். தாமரை என்று பெயர், சின்னப் பெண். மயக்க ஊசி போட வேண்டும், நீங்கள் வெளியே இருங்கள் என்றாள். பிறகு கூப்பிட்டுக் கணினியில் ஒரு படத்தைக் காட்டினாள்.

"தொடை எலும்புப் பந்து இடுப்புக் கிண்ணத்துல சரியா உக்காரல அங்கிள். ரெண்டு பக்கமும். குட்டிங்களுக்கும் வரலாம். இதை பிரீட் பண்ணாதீங்க."

என் நாய் நொண்டியதே இல்லை என்றேன். "இப்ப தெரியாது அங்கிள், வயசானா தெரியும்" என்கிறாள். நானாகப் புத்தகம் வாங்கிப் படித்து நாய் வளர்த்தவன். எனக்குத் தெரியாததா? அது சிங்காரியின் படம்தான் என்று யார் கண்டது? கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது?

சுவரில் ஒரு போட்டோ. யோகநாதன் அவளுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்.

மார்ச் 7, வியாழன்

யோகநாதன் போன் செய்தார். "கேள்விப்பட்டன் அண்ணை. மனசுக்குக் கஷ்டமா இருக்கு." அதற்குள் எப்படிக் கேள்விப்பட்டார்?

"முடிவு சங்கத்துக்குத்தானே போவும்" என்கிறாள் என் மனைவி தனலெட்சுமி. இவளும் அவர் பக்கம்.

மார்ச் 9, சனி

தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் சிவநேசனின் கடுவன் நாயைத்தான் சிங்காரிக்குப் பேசி வைத்திருக்கிறேன். அவர் சொல்கிறார்: "பேப்பர் இல்லாட்டி என்ன அண்ணே? குட்டி அழகா இருந்தா வாங்க ஆளு வரும்லா. வியாழக்கிழமை கொண்டாங்க."

வருகிறேன் என்றேன். ஆனால் இதை விடப்போவதில்லை. யோகநாதனைத் தெரியாத டாக்டரிடம் இன்னொரு படம் எடுத்து, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் போடுவேன்.

மார்ச் 12, செவ்வாய்

பந்திங் போய்வந்தேன். சீன டாக்டர். யோகநாதன் என்ற பெயரையே கேட்டதில்லை என்றார்.

இந்த முறை ஏமாறத் தயாராயில்லை. தனலெட்சுமியின் புடவை ஊக்கு ஒன்றைக் கோணலாக வளைத்து, சிங்காரியின் இடுப்புக்குச் சற்று மேலே பிளாஸ்திரியால் ஒட்டினேன். இரும்பு எக்ஸ்ரேயில் தெரியும். படத்தில் ஊக்கு இல்லையென்றால் அது என் நாய் இல்லை.

அங்கே உதவிக்கு இருக்கும் வள்ளியம்மா சிரித்துவிட்டாள். "என்ன அங்கிள், நாய்க்குப் புடவை கட்டப் போறீங்களா?"

"அதை மட்டும் எடுத்துடாதம்மா" என்றேன்.

படம் வந்தது. ஊக்கு இருக்கிறது. நான் வளைத்த அதே கோணல். அதற்குக் கீழே, கிண்ணத்தின் விளிம்பில் பந்து தொங்குகிறது. இரண்டு பக்கமும். டாக்டர் வாயைத் திறக்குமுன் நானே பார்த்துவிட்டேன்.

மார்ச் 13, புதன்

மயக்க ஊசி மூட்டைத் தளர்த்தியிருக்குமோ? காலை இழுத்ததில் விலகியிருக்குமோ? புத்தகத்தைப் புரட்டினேன். காலை நீட்டித்தான் எடுக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. எழுதியவனும் டாக்டர்தானே.

"புஸ்தகத்து மேலயும் சந்தேகமா? நீங்க ஒட்டுன ஊக்கையாவது நம்புறீங்களா?" என்றாள் தனலெட்சுமி.



மார்ச் 14, வியாழன்

சிவநேசன் வீட்டுக்குக் கிளம்பினேன். வேன் கதவைத் திறந்ததும் சிங்காரி முன்கால்களை மேலே வைத்தது. அப்படியே திரும்பி என்னைப் பார்த்தது. பின்பக்கத்தைத் தூக்கிவிட வேண்டும். வழக்கமாகச் செய்வதுதான். கை பாதி வழியில் நின்றுவிட்டது.

எப்போதிலிருந்து தூக்கிவிடுகிறேன்? செல்லம் கொஞ்சுது என்றல்லவா நினைத்தேன். அப்போ வலிச்சுதா? வலிச்சுக்கிட்டா இருந்திச்சு இவ்வளவு நாளும்?

சிவநேசனுக்குப் போன் போட்டு வரவில்லை என்றேன்.

"என்ன அண்ணே, இன்னிக்கு விட்டா அடுத்த ஹீட்டுதான்லா."

"அடுத்ததும் இல்ல."

மே 17, வெள்ளி

ஹீட் அடங்கிச் சில வாரம் போகட்டும் என்று சொல்லியிருந்தார்கள். இன்று சிங்காரிக்குக் கருப்பையை எடுத்தாயிற்று. பிரிக்பீல்ட்ஸில்தான். பந்திங் தூரம், வேறு காரணம் இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன் என்றேன், டாக்டர் தாமரை விட்டாள். மூட்டு வலிக்கு ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறாள். அது என்ன மாத்திரை என்று படித்துப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் வாசலில் யோகநாதன். கையில் டிபன் கேரியர். "சிங்காரிக்குக் கோழி சூப் அண்ணை. உப்புப் போடேல்லை."

முதலில் நான் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். பிறகு சிங்காரியின் தட்டில் ஊற்றினேன். அது நக்கிக் குடித்து முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.