கடிகாரம் வலது கையில் இருந்தால்

உன் கைக்கடிகாரம் என் மேஜைமேல் இருக்கிறது. கறுப்புத் தோல்வார். கை மெலிந்துபோனபோது ஊக்கைச் சூடுபண்ணி நீயே குத்திக்கொண்ட ஓட்டை அப்படியே இருக்கிறது. வழக்கம்போலக் கொஞ்சம் முன்னால் ஓடுகிறது. மாற்றல் உத்தரவு வந்து விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பும் முன் உன் வீட்டுக்காரர் இதைக் கொண்டுவந்து கொடுத்தார். "அவ உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னா" என்றார். எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து இதை இடது கையில் கட்டுவதா, வலது கையில் கட்டுவதா என்று தெரியாமல் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். வேறு யாரிடமாவது கேட்டால் சிரிப்பார்கள். நமக்கு மட்டும்தான் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரியும்.

என் தாத்தா காலத்திலேயே கொல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. தமிழ் எனக்கு வீட்டுக்குள் பேசுகிற பாஷை. பவானிபூரில் வங்கி வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யாருக்கும் தெரியாமல் ஒரு ராஜா ராணிக் கதை. மாயக்கோட்டை, மந்திரவாதி, போர் என்று வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தேன். நீ தூத்துக்குடியிலிருந்து வந்தவள். உன் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை மாற்றலாகி, லேக் மார்க்கெட் பக்கத்தில் எங்கள் கட்டடத்திலேயே மேல் மாடிக்குக் குடிவந்தீர்கள். வந்த புதிதில் உனக்குப் பேசத் தமிழ் ஆள் வேண்டியிருந்தது, எனக்குக் கதை கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதனால்தான் ஒட்டிக்கொண்டோம்.

என் கதையில் யார் யார் வருகிறார்கள் என்று முதன்முதலாக உன்னிடம் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாய். நீதி தவறாத அரசன், அழகே உருவான அரசி, அஞ்சா நெஞ்சம் கொண்ட தளபதி, சூழ்ச்சிக்கார மந்திரி என்று நான் பெருமையாக அடுக்கிக்கொண்டே போனேன். நீ கரண்டியைக் கையில் பிடித்தபடி திரும்பினாய்.

"ஏட்டி, இவங்கள்ல யாருக்காவது ஒரு நாளாவது பல் வலிச்சிருக்கா?"

"இது ராஜா காலத்துக் கதை."

"ஏன், ராஜாவுக்குப் பல்லு கிடையாதா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அரசனுக்குப் பல்வலி வந்தால் என்ன செய்வான் என்று யோசித்துப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் அரசன் கண்ணெதிரே வந்து உட்கார்ந்துவிட்டான். அதற்கு முன் எத்தனையோ பக்கம் எழுதியும் வராதவன். மறுநாள் நமக்குள் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. கதையில் நடப்பதெல்லாம் என் பொறுப்பு, நடமாடுகிற ஆட்கள் உன் பொறுப்பு.

நீ ஆட்களைச் செய்த விதமே தனி. மைதானத்தில் ஒரு குதிரை தும்ம, துள்ளி என் பின்னால் ஒளிந்துகொண்டாய். வீடு வருவதற்குள் நம் தளபதிக்குக் குதிரை என்றால் பயம் என்று முடிவாகிவிட்டது. போருக்கு நடந்தே போவான், கேட்டால் வீரர்களோடு வீரனாக நடப்பதாகப் பேர். மந்திரவாதியின் மந்திரமெல்லாம் ஊருக்குத்தான் பலிக்கும், சொந்த வீட்டில் அவன் சொன்னால் விளக்குக்கூட எரியாது. மந்திரி சூழ்ச்சிக்காரன் இல்லை, பாவம், அவன் ஒரு வாக்கியத்தை முடிக்க யாரும் விட்டதில்லை. எல்லோரும் உங்கள் ஊர்த் தமிழ்தான் பேசினார்கள். அரசனே அரசியை "ஏட்டி" என்று கூப்பிட்டான். "கோட்டைக்குள்ள செந்தமிழ் வேண்டாமா?" என்று கேட்டேன். "உன் கோட்டை எங்கன இருக்குன்னு உனக்கே தெரியாது. எங்க ஊர்ப் பக்கம்னு வச்சுக்கோ" என்றாய்.

ஆட்களைத் தெரிந்துகொள்ள நீ கண்டுபிடித்த விளையாட்டுதான் என்னை இந்தப் பாடு படுத்துகிறது. ஒருத்தி பாத்திரமாக மாறிவிட வேண்டும், இன்னொருத்தி கேள்வி கேட்க வேண்டும். காய்கறி வாங்குகையில், மெட்ரோவில், ஆட்டோவில், எங்கேயானாலும் சரி. ஆரம்பத்தில் ஒருநாள் லேக் மார்க்கெட் ஓட்டலில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ திடீரென்று, "உனக்கு அடுத்தவங்க மனசு என்னைக்குப் புரிஞ்சிருக்கு? எல்லாம் உன் இஷ்டம்தான்" என்று பொரிந்தாய். நான் பாதித் தோசையில் எழுந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நீ கதவைத் தட்டி வந்து, "அது அரசி பேசினதுட்டி! அரசனைப் பாத்து சொன்னது! நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கிட்டு இருக்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்குப் பாதிதான் சிரிப்பு வந்தது. உண்மையில் பேசியது அரசியா நீயா என்று அன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. கடிகாரம் வலது கையில் இருந்தால் பேசுவது பாத்திரம். இடது கையில் இருந்தால் பேசுவது நாம். வலது கையில் இருக்கும்போது எது சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது, விளையாட்டை நடுவில் கலைக்கவும் கூடாது. காப்பித்தூள் கடைக்காரருக்குக்கூட இது தெரிந்துபோயிற்று. உன் கையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "என்னக்கா, இன்னைக்கு ராணியம்மாவா? டேய், தூளைச் சரியா அரைடா, தலை போயிடும்!"

எல்லோரிலும் உனக்குப் பிடித்தவன் வாயிற்காவலன். அவனை முழுக்க நீதான் படைத்தாய். அவன் தூங்காமல் இருக்கும்வரை கோட்டை எதிரிகள் கண்ணுக்குத் தெரியாது, கண்ணயர்ந்தால் மாயம் கலைந்துவிடும். கதையின் கடைசியில் ஒரு பெண் வாயிலுக்கு வெளியே வந்து நிற்கிறாள். அவள் காணாமல்போன அரசகுமாரியா, எதிரி அனுப்பிய மாயப் பிம்பமா என்று யாருக்கும் தெரியாது. காவலன் "யாரு?" என்று கேட்பான். சரியான பதில் வந்தால் திறப்பான். அந்தப் பதில் என்ன என்பதைத்தான் நீ சொல்லவே இல்லை.

நான் எவ்வளவோ முயன்றேன். முத்திரை மோதிரம் என்றேன், குலமந்திரம் என்றேன், தோளில் மச்சம் என்றேன். வலது கைக் கடிகாரத்தோடு நீ தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாய். "இதெல்லாம் திருடிட்டு வரலாம்லா?" ஒருநாள் மட்டும் கடிகாரத்தை இடது கைக்கு மாற்றிவிட்டுச் சொன்னாய்: "உனக்குத் தெரியும்ட்டி. தெனமும் கேக்கதுதான்." அப்படிச் சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டாய். எனக்குப் புரியவில்லை, எரிச்சலாகக்கூட இருந்தது.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில் தினமும் வந்து உட்கார்ந்தேன். உன் மகள் கல்லூரி விட்டு நேரே வருவாள், அவள் வந்ததும் நான் எழுந்து இடம் கொடுப்பேன். கடைசியாக நாம் பேசிய சாயங்காலம் நீ கண்ணை மூடிப் படுத்திருந்தாய். என்ன பேசுவது என்று தெரியாமல் நமக்குப் பழக்கமானதையே கேட்டேன். "காவலரே, வெளியே நிற்கிறவளுக்கு இன்றைக்காவது பதில் உண்டா?"

நீ கண்ணைத் திறக்கவில்லை. "சாவிய நீ வச்சுக்கோட்டி. என்னால இனிமே முழிச்சிருக்க முடியல" என்றாய்.

நான் உடனே உன் கைகளைப் பார்த்தேன். ஒரு கையில் ஊசியும் பிளாஸ்திரியும். இன்னொரு கை வெறுங்கை. கடிகாரத்தை நர்ஸ் அன்று காலையே கழற்றி உன் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டாளாம். பேச்சிலிருந்து கண்டுபிடிக்கலாம் என்றால், உன் காவலனும் உன்னைப் போலவே பேசுகிறவன். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மகள் வந்துவிட்டாள். அதற்கப்புறம் நமக்குப் பேச வாய்க்கவில்லை.

அன்று பேசியது நீயா, அவனா? இந்த ஒரு கேள்வி என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. அவன் சொன்னது என்றால் அது கதைக்குச் சொந்தம், களைத்துப்போன காவலன் சாவியை ஒப்படைக்கிறான், நான் எழுதியாக வேண்டும். நீ சொன்னது என்றால் அது எனக்குச் சொந்தம், அதைக் கதையில் வைப்பது உன் படுக்கையை எடுத்துச் சந்தையில் விரிப்பது மாதிரி. எழுதுவேன், அழிப்பேன். வாயிலுக்கு வெளியே அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். வங்கியில் ஒருவர் கையெழுத்தைச் சரிபார்க்கக் கொடுத்தபோது அவர் முகத்தை வெறித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். "தீதி, ஷரீர் டீக் ஆச்சே?" என்று உடம்பை விசாரித்துவிட்டுப் போனார். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு மத்தியானம், லீவு போட்டுவிட்டு வழக்கம்போல அதே பக்கத்தில் முட்டிக்கொண்டிருந்தேன். அழைப்புமணி அடித்தது. இருந்த இடத்திலிருந்தே, "யாரு?" என்றேன்.

"ஆமி."

உன் மகளின் குரல். சின்ன வயசிலேயே இங்கே வந்து வளர்ந்தவள், தமிழ் சரளமாக வராது அவளுக்கு, அவசரத்தில் வாயில் வருவது வங்காளிதான். 'நான்' என்று சொல்கிறாள். பேரில்லை, ஊரில்லை. நான் மறுபேச்சில்லாமல் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்துக்கொண்டிருந்தேன். பாதி எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

நீ மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து மணியடிக்கும்போதெல்லாம் "யாரு?" என்பேன். "நான்தான்ட்டி" என்பாய். "நான்னா யாரு, பேர் சொன்னா குறைஞ்சா போயிடுவே?" என்று கடிந்துகொண்டே திறப்பேன். 'தெனமும் கேக்கதுதான்' என்றாயே, தினமும் என் காதில் விழுந்தது அந்த 'நான்தான்' மட்டும்தான். முத்திரை மோதிரத்தைத் திருடலாம், மந்திரத்தை ஒட்டுக்கேட்கலாம். இதை எப்படித் திருடுவது? வெளி ஆள்தான் பேரும் விவரமும் சொல்லுவான். வீட்டு மனுஷர்கள் 'நான்தான்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கதவைத் திறந்தேன். தோளில் ஒரு பையோடு நின்றாள். பாலிகஞ்சில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு அப்பா போனதிலிருந்து இன்னும் மெலிந்திருந்தாள். என்னைச் சித்தி முறையில் 'மாசி' என்றும் அப்பாவை 'பாபா' என்றும்தான் கூப்பிடுவாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"மாசி, பூஜோ லீவ்ல ஹாஸ்டல் மெஸ் பந்த். பாபாகிட்ட போக டிக்கெட் கிடைக்கலை. அம்மா சொன்னா, சாவி மாசிகிட்ட குடுத்திருக்கேன்னு. நான் பாபாவைக் கேட்டேன். எல்லாச் சாவியும் அவர்கிட்ட இருக்கு. அது எந்தச் சாவி?"

அவளிடமும் சொல்லியிருக்கிறாய். அவளோடு உனக்கு எந்த விளையாட்டும் கிடையாது. அப்படியானால் அன்று பேசியது நீதான். ஆனால் முழித்திருக்க முடியவில்லை என்பது காவலன் சொல்ல வேண்டியதல்லவா? இல்லை, அவனைச் செய்யும்போதே இந்தக் கதவைத்தான் மனசில் வைத்திருந்தாயா? உடம்புக்கு வருவதற்கு முன்பே செய்த ஆளாயிற்றே அவன்! யோசிக்க யோசிக்க முடிச்சு இறுகுகிறதே தவிர அவிழவில்லை. இப்போதும் அவிழவில்லை, பொய் சொல்ல மாட்டேன். உன்னிடம் கேட்டால் கடிகாரத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு சிரிப்பாய்.

"வாசல்லயே நின்னு கேக்காதே. உள்ளே வா" என்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நீ உட்காருகிற நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் அப்பளம் பொரித்தேன். இரண்டு அப்பளம் கருகிவிட்டது, அதையும் சாப்பிட்டாள்.

மறுநாள் மார்க்கெட் ஓரத்தில் சாவி செய்கிறவனிடம் எங்கள் வீட்டுச் சாவிக்கு இன்னொன்று செய்து வாங்கினேன். "எந்தச் சாவின்னு கேட்டியே, இதுதான்" என்று அவள் கையில் கொடுத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நிஜமாவே அம்மா குடுத்ததா?" என்றாள். ஆமாம் என்றேன். அதில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை.

கதையில் அந்தப் பெண் இப்போது உள்ளே வந்துவிட்டாள். சாவியைப் பற்றி நீ சொன்ன வாக்கியத்தை எழுதவில்லை, அது நம் வீட்டோடு இருக்கட்டும். காவலன் கேட்கிறான், அவள் ஒரே ஒரு சொல் சொல்கிறாள், அவன் திறக்கிறான், பிறகு வாசற்படியிலேயே சாய்ந்து தூங்கிவிடுகிறான். மாயம் கலைகிறதா, கோட்டை என்ன ஆகிறது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நடப்பதெல்லாம் என் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டேனே, யோசிக்கிறேன். உன் கடிகாரத்தை எந்தக் கையிலும் கட்டவில்லை. மேஜைமேல் வைத்து நேரம் பார்க்கிறேன், அதனால் ஆபீசுக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்ச் சேருகிறேன்.

உன் மகளிடம் சாவி இருக்கிறது. அப்படியும் அவள் வரும்போதெல்லாம் மணிதான் அடிக்கிறாள். யார் என்று தெரிந்தும் நான் உள்ளேயிருந்து "யாரு?" என்கிறேன். அவள் வெளியே நின்றபடி, இப்போதெல்லாம் தமிழிலேயே, "நான்தான்" என்கிறாள்.