மேலே போக வேண்டிய கோடு

இன்று காலை சூளைக் கதவைத் திறந்ததும் சுட்ட மண்ணின் வாசனை முகத்தில் அடித்தது. ஏதோ சொல்ல வாயெடுத்துப் பக்கத்தில் திரும்பினேன். நீ இல்லை. நெஞ்சுவலியில் நீ போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது.

உள்ளே இருந்தவை பள்ளிவாசல் சுவருக்கான டைல்கள். நீ வரைந்து நான் வண்ணம் தீட்டியவை. தரையில் அடுக்கிப் பார்த்தேன். நடுவில் பன்னிரண்டு முனை நட்சத்திரம், அதைச் சுற்றிக் கோரைப்பாய் போலப் பின்னி ஓடும் நீலப் பட்டைகள். ஒன்றின் மேலே போன பட்டை அடுத்ததன் கீழே போக வேண்டும். ஒரு மூலையில் மட்டும் இரண்டு முறையும் கீழேயே போயிருந்தது.

போன மழைக்காலத்தில் நான் நாலு டைலுக்கு டிரேசிங் தாளைப் புரட்டி வைத்துப் பின்னலைக் கெடுத்தேன். "யாருக்குடி தெரியப்போவுது, வுட்டுடு" என்று உன்னிடம் கெஞ்சினேன். "தெனம் அஞ்சு வேள அந்தச் சொவத்தப் பாத்து நிக்கறவங்கடி" என்றாய். பள்ளிவாசல் பாய் வந்ததும் நீயே முந்திக்கொண்டு, "எங்க கைத்தப்புங்க, மாத்தித் தரோம்" என்றாய். யார் கை என்று சொல்லவில்லை.

இன்றும் என் கைதான் என்று நினைத்து உன் தாளை எடுத்து ஒப்பிட்டேன். இல்லை. உன் பென்சில் கோடே அப்படித்தான் இருந்தது. கடைசி வாரம் நீ போட்ட மூலை அது. நூல் பிடித்த மாதிரி ஓடும் உன் கோடு அங்கே நடுங்கியிருந்தது. அப்போதே நெஞ்சு வலித்ததா? "நம்ம விருத்தாசலத்து வெயிலு, வேற ஒண்ணுமில்லடி" என்று தண்ணீர் குடித்தாயே. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த நான் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை?

பத்து மணிக்குப் பாய் வந்துவிட்டார். "மாஷா அல்லா, அழகா இருக்குதும்மா. வண்டியில ஏத்திடலாமா?" என்றார். தலையாட்டினால் போதும். சொன்னால் உன்மேல் பழி விழுமோ என்று தயங்கினேன்.

"ஒரு மூல தப்பாப் போச்சுங்க. மாத்தித் தரேன்."

அவர் குனிந்து அந்த மூலையைப் பார்த்தார். "அந்தம்மா வரைஞ்சதா?"

"இல்லீங்க. என் கைத்தப்பு."

நம்பினாரோ என்னவோ. "நிதானமா செய்ம்மா, போயிட்டு வரேன்" என்று கிளம்பினார்.

மதியம் புதுத் தாள் விரித்து அந்த மூலையை வரைந்தேன். நாலு முறை சரிபார்த்தும் பயம் தெளியவில்லை. நாளைக்கு அந்த மூலைக்கான புது டைல் சூளைக்குள் போகிறது. உன் கோட்டின்மேல் ரப்பர் வைக்க மட்டும் மனம் வரவில்லை. உன் பழைய தாளை மடித்து என் பையில் வைத்திருக்கிறேன். நான் பார்க்கத் தவறிய உன் கை அதில் இருக்கிறது.